வெளிநாட்டில் படிப்பை மாற்றுவதற்கு முன் விசாவைப் பாருங்கள்

டேட்டா சயின்ஸில் சேர்ந்தவருக்கு முதல் மாதத்திலேயே கோடிங் பிடிபடவில்லை. எம்.பி.ஏ. சேர்ந்தவருக்கு இரண்டாவது தவணைக் கட்டணம் தாங்கவில்லை. இன்னொருவருக்கு வேறு நகரத்தில் அத்தை வீடு இருக்கிறது, அங்கே போய்விட்டால் வாடகை மிச்சம். காரணம் எதுவானாலும் படிப்பை மாற்ற நினைப்பதில் தவறு இல்லை. ஆனால் நம் ஊரில் ஒரு கல்லூரியில் டி.சி. வாங்கிக்கொண்டு இன்னொன்றில் சேருவது போல அங்கே முடியாது. உங்களுக்குக் கொடுத்த மாணவர் விசா இன்ன பல்கலைக்கழகத்தில், இன்ன நிலைப் படிப்பை, இன்ன தேதிக்குள் முடிப்பதற்காகக் கொடுத்தது. இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் விசாவைத் தொடும்.

பாளையங்கோட்டையில் இதைப் பற்றிக் கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் பெற்றோர்கள்தான். நாங்குநேரிப் பக்கத்தில் இருந்து வந்த ஒருவர் கேட்டது அப்படியே நினைவில் இருக்கிறது: "அண்ணாச்சி, பையன் கோர்ஸ மாத்தணும்னு சொல்லுதான். விசாவுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?" ஆகலாம், ஆகாமலும் போகலாம். எந்த நாடு, எந்த மாதிரி மாற்றம் என்பதைப் பொறுத்தது. அந்தப் பெற்றோருக்கும், முதல் முறை வெளிநாடு போன பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரு விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய இடம் எழுத்தில் உறுதியாகி, விசாவுக்கு என்ன செய்யவேண்டும் என்பதும் எழுத்தில் தெரியும்வரை பழைய படிப்பை விடாதீர்கள். வகுப்புக்குப் போய்க்கொண்டே இருங்கள். வருகைப் பதிவு குறையக் கூடாது. நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை மாற்றத்தால் வந்தவை அல்ல, அவசரப்பட்டு முதலில் விலகியதால் வந்தவை.

முதல் படி: எந்த மாதிரி மாற்றம் என்று முடிவுகட்டுங்கள்

நான்கு வகை உண்டு. ஒரே பல்கலைக்கழகத்துக்குள் வேறு படிப்பு. அதே படிப்பு, ஆனால் வேறு பல்கலைக்கழகம். இரண்டும் வேறு. நான்காவது, படிப்பின் நிலை இறங்குவது, அதாவது முதுநிலையை விட்டு டிப்ளமாவுக்குப் போவது. முதல் வகை பெரும்பாலும் எளிது. நான்காவது எங்கேயுமே ஆபத்து. நடுவில் உள்ள இரண்டும் நாட்டுக்கு நாடு மாறும்.

அடுத்து ஒரு தாளில் இரண்டு தேதிகளை எழுதுங்கள். ஒன்று, உங்கள் விசா முடியும் தேதி. மற்றொன்று, புதிய படிப்பு முடியும் தேதி. படிப்பு விசாவைத் தாண்டி ஓடினால், பெரும்பாலான நாடுகளில் புது விண்ணப்பமோ நீட்டிப்போ இல்லாமல் கதை நடக்காது. இதைப் பார்க்காமலே ஆஃபர் லெட்டருக்கு முன்பணம் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது படி: சரியான ஆளிடம் கேளுங்கள்

வண்ணார்பேட்டையிலும் பாளையிலும் வெளிநாட்டுப் படிப்புக் கன்சல்டன்சிகள் வரிசையாக இருக்கின்றன. நேர்மையாக நடத்துகிறவர்கள் உண்டு. ஆனாலும் ஒன்றை மனதில் வையுங்கள்: மாணவரைச் சேர்த்துவிடும் ஏஜெண்டுக்குப் பல கல்வி நிறுவனங்கள் கமிஷன் கொடுக்கின்றன. புதிய இடத்தில் சேர்த்துவிட்டால் அவருக்கு இன்னொரு கமிஷன் கிடைக்கலாம். உங்கள் விசா சிக்கலானால் அதைச் சுமப்பவர் நீங்கள்தான். 'மாத்திக்கலாம் தம்பி, ஒண்ணும் பிரச்சினை இல்ல' என்று போனில் சொல்வதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் கேட்கவேண்டிய இடம் உங்கள் பல்கலைக்கழகத்திலேயே இருக்கும் சர்வதேச மாணவர் அலுவலகம். கட்டணம் இல்லை. போய்ப் பேசலாம், ஆனால் பேசியதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதிப் பதில் வாங்கிவிடுங்கள். மின்னஞ்சலில் உங்கள் மாணவர் எண், இப்போதைய படிப்பு, போக நினைக்கும் படிப்பு, அது தொடங்கும் தேதி, முடியும் தேதி, விசா முடியும் தேதி எல்லாம் இருக்கட்டும். கேள்வி மூன்று: இந்த மாற்றத்துக்குப் புது விசா வேண்டுமா? வேண்டுமென்றால் அந்த நாட்டுக்குள் இருந்தே விண்ணப்பிக்கலாமா, ஊருக்குத் திரும்பவேண்டுமா? நான் விலகினால் குடிவரவுத் துறைக்கு எப்போது தெரிவிப்பீர்கள்?

சிக்கலான நிலை என்றால் உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் போகலாம். பிரிட்டனில் குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவு செய்தவரோ வழக்கறிஞரோ, ஆஸ்திரேலியாவில் பதிவு எண் உள்ள மைக்ரேஷன் ஏஜெண்ட், கனடாவில் அங்கீகாரம் பெற்ற ஆலோசகர். மூன்று நாட்டிலும் பதிவுப் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பிரிட்டன்

இங்கே விசா தொங்குவது, உங்களைச் சேர்த்துக்கொள்வதை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தரும் 'காஸ்' எண்ணில். பல்கலைக்கழகம்தான் உங்கள் ஸ்பான்சர். ஒரே பல்கலைக்கழகத்துக்குள் மாறுவதாக இருந்தால் சில நிபந்தனைகள் சரியாக இருக்கும்போது புது விசா வேண்டாம். பல்கலைக்கழகம் விதிகளை ஒழுங்காகப் பின்பற்றிய பதிவு உள்ளதாக இருக்கவேண்டும். புதிய படிப்பு பட்டப்படிப்பு நிலையிலோ அதற்கு மேலோ இருக்கவேண்டும், இப்போது படிப்பதைவிடக் கீழே இறங்கக் கூடாது. பழைய படிப்போடு தொடர்போ, உங்கள் தொழில் இலக்குக்கு உதவும் காரணமோ இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் இருக்கும் விசா முடிவதற்குள் படிப்பு முடியவேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனையில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். செப்டம்பரில் தொடங்கும் ஓராண்டு எம்.எஸ்ஸி.க்கு வழக்கமாகப் படிப்புக் காலமும் அதன்பின் 4 மாதமும் சேர்த்து விசா கிடைக்கும். நவம்பரில் மனம் மாறி, அதே பல்கலைக்கழகத்தில் ஜனவரியில் தொடங்கும் வேறு எம்.எஸ்ஸி.க்குத் தாவினால், அது முடிவது அடுத்த ஜனவரி. விசா முடிவதும் ஏறத்தாழ அதே ஜனவரி. சில நாள் வித்தியாசத்தில் உள்ளே வரலாம், வெளியே போய்விடலாம். அதனால் தேதிகளை நாள் கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள். மாதக் கணக்கு போதாது.

வேறு பல்கலைக்கழகம் என்றால் ஸ்பான்சரே மாறுகிறார். புதிய காஸ், புதிய விண்ணப்பம், புதிய கட்டணம், ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கூடுதல் கட்டணம் எல்லாம் மறுபடி வரும். பழைய படிப்பை முடிக்காமல் நடுவில் மாறுகிறவர் பெரும்பாலும் பிரிட்டனுக்குள் இருந்துகொண்டே விண்ணப்பிக்க முடியாது. ஒரு படிப்பை முடித்து முன்னேறியதைக் காட்டவேண்டும் என்று விதி இருக்கிறது, அதற்கு விதிவிலக்குகள் குறைவு. ஊருக்கு வந்து, சென்னையில் பயோமெட்ரிக் கொடுத்து, முடிவுக்குக் காத்திருக்கவேண்டும். விமானச் செலவு, சென்னைக்குப் போய்வரும் செலவு, அங்கே காலியாகக் கிடக்கும் அறைக்கு வாடகை இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் 'அந்த யுனிவர்சிட்டியில் ஃபீஸ் கம்மி' என்று சொல்லவேண்டும்.

புது விண்ணப்பம் என்றால் பணமும் காட்டவேண்டியிருக்கும். கட்டணப் பாக்கியோடு வாழ்க்கைச் செலவுக்கான தொகையும் தொடர்ச்சியாக 28 நாள் கணக்கில் இருக்கவேண்டும், ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. அம்மாவின் நகைக் கடனை வைத்துக் கணக்கில் போட்டுவிட்டு இருபதாவது நாள் வட்டி கட்ட எடுத்தால், மறுபடி முதலில் இருந்து எண்ணவேண்டும்.

விலகினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் படிப்பை விட்டது தெரிந்ததில் இருந்து 10 வேலை நாளுக்குள் பல்கலைக்கழகம் உள்துறைக்குச் சொல்லியாகவேண்டும். உள்துறை விசாவைச் சுருக்கும், பொதுவாக 60 நாள் தரும். அதோடு வேலை செய்யும் உரிமையும் படிப்போடு கட்டப்பட்டது. படிப்பை விட்டுவிட்டு, 'விசாவில் இன்னும் எட்டு மாசம் இருக்குல்லா' என்று கடையிலோ கிடங்கிலோ வேலை பார்ப்பது விதிமீறல். படித்துக்கொண்டே பார்க்கும் வேலைக்கும் நிலை முக்கியம்: பட்டப்படிப்பு நிலை என்றால் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம், அதற்குக் கீழான படிப்பு என்றால் 10 மணி நேரம்.

இன்னொரு வழியைப் பலர் கேட்கிறார்கள்: படிப்பை விட்டுவிட்டு வேலை விசாவுக்கு மாறிவிடலாமா? 2023 ஜூலை 17-க்குப் பிறகு, முனைவர் பட்ட மாணவர்கள் சிலரைத் தவிர மற்றவர்கள் படிப்பை முடிக்காமல் அப்படி மாற முடியாது. அந்தக் கதவு மூடியாயிற்று. எவராவது முதியோர் இல்ல வேலைக்கு ஸ்பான்சர்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்டால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

பொறியியல், பொருளறிவியல் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) போன்ற சில பாடங்களில் முதுநிலை படிக்க 'ஏட்டாஸ்' என்ற பாதுகாப்பு அனுமதி வேண்டும். அது குறிப்பிட்ட படிப்புக்கு மட்டுமே கொடுப்பது. மெக்கானிக்கலில் இருந்து மெட்டீரியல்ஸுக்கு மாறினால் பழைய அனுமதி செல்லாது, மாறுவதற்கு முன்பே புதியது வாங்கவேண்டும். அரசுப் பொறியியல் கல்லூரியில் பி.இ. முடித்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கவும்.

படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசா, நீங்கள் முடிக்கும் படிப்பை வைத்துத்தான் கிடைக்கும். இப்போது 2 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதம், ஆராய்ச்சிப் பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் 3 ஆண்டு. ஒரு பருவம் தள்ளிப் படிக்க முடிவெடுத்தால் நீங்கள் இந்தத் தேதிக்கு எந்தப் பக்கம் விழுவீர்கள் என்று கணக்குப் போடுங்கள். ஆறு மாத வித்தியாசம் கடன் கட்டும் குடும்பத்துக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஆஸ்திரேலியா

இங்கே 'சி.ஓ.இ.' என்ற சேர்க்கை உறுதிச் சான்றுதான் எல்லாம். விசா எண் 500. அதில் 8202 என்று ஒரு நிபந்தனை இருக்கும், விசா கடிதத்தை எடுத்துப் பாருங்கள். பதிவுபெற்ற படிப்பில் தொடர்ந்து சேர்ந்திருக்கவேண்டும், விசா எந்த நிலைக்குக் கொடுத்ததோ அந்த நிலையிலோ அதற்கு மேலோ இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். அவர்களுடைய தகுதிச் சட்டகத்தில் டிப்ளமா 5, இளநிலைப் பட்டம் 7, முதுநிலை 9, முனைவர் பட்டம் 10. பத்தில் இருந்து ஒன்பதுக்கு இறங்க மட்டும் அனுமதி உண்டு. மற்றபடி இறங்கினால் புது மாணவர் விசா வாங்கியபிறகுதான் மாறலாம்.

நம் பக்கத்துப் பிள்ளைகளைப் பாதிப்பது இதுதான். முதுநிலைக் கட்டணம் கட்ட முடியாமல் திணறும்போது யாராவது ஒருவர் சொல்வார்: 'சமையல் டிப்ளமாவுக்கு மாறிடு, ஃபீஸ் கால்வாசிதான், விசா அப்படியே இருக்கும்.' விசா அப்படியே இருக்காது. ஒன்பதில் இருந்து ஐந்துக்கு இறங்குவது 8202-ஐ மீறுவது. ரத்து செய்யப் போவதாக நோட்டீஸ் வரலாம். அதன்பிறகு எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் அந்த ரத்தைச் சொல்லியாகவேண்டும். கட்டணம்தான் பிரச்சினை என்றால் முதலில் பல்கலைக்கழகத்திடமே தவணை கேளுங்கள். பாடச் சுமையைக் குறைக்கலாமா என்றும் கேட்கலாம், ஆனால் அதற்கு அவர்கள் ஒப்புக்கொள்ளும் காரணம் வேண்டும்.

வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கு இன்னொரு தடை, ஆறு மாத விதி. முதன்மைப் படிப்பில் 6 மாதம் முடிக்கும்முன் மாறவேண்டுமானால் பழைய நிறுவனம் விடுவிக்கவேண்டும். ஆங்கிலப் பயிற்சி, ஃபவுண்டேஷன், பிறகு இளநிலைப் பட்டம் என்று ஒரே தொகுப்பாகப் போயிருந்தால், ஆறு மாதம் எண்ணத் தொடங்குவது பட்டப்படிப்பு தொடங்கிய நாளில் இருந்துதான். இது தெரியாமல் 'நான் வந்து ஒரு வருஷம் ஆச்சே' என்பவர்கள் உண்டு. விடுவிப்புக் கொடுக்கக் கட்டணம் கேட்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும், 20 வேலை நாளுக்குள் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே முறையீடு செய்தும் நியாயம் கிடைக்காவிட்டால், 2025 பிப்ரவரியில் இருந்து செயல்படும் தேசிய மாணவர் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்கும் கட்டணம் இல்லை. பழைய படிப்பை வைத்துக்கொண்டே இன்னொரு இடத்தில் இரண்டாவது சி.ஓ.இ. வாங்கும் வழியை, அந்த ஆறு மாதத்துக்கு 2023 ஆகஸ்டில் அடைத்துவிட்டார்கள்.

நிலை மாறவில்லை, ஆறு மாதமும் முடிந்துவிட்டது, புதிய படிப்பு விசாவுக்குள் முடிகிறது என்றால் புது விசா இல்லாமலே மாறலாம். தாண்டினால் புது விசா. 2025 ஜூலையில் இருந்து அதற்கான விண்ணப்பக் கட்டணம் 2,000 ஆஸ்திரேலிய டாலர். மறுத்தால் திரும்ப வராது. புது விண்ணப்பத்தில் உண்மையான மாணவர்தானா என்று பார்க்கும் கேள்விகள் இருக்கும். ஏன் மாறினீர்கள், இந்தப் படிப்பு பிறகு எதற்கு உதவும் என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். ஏஜெண்ட் எழுதிக் கொடுக்கும் பொதுப் பத்தியைப் படித்துப் படித்து அதிகாரிகளுக்குப் பழகிப் போயிருக்கும்.

பிந்தைய வேலை விசாவான 485-க்கு, குறைந்தது 92 வாரம் என்று பதிவான படிப்பை முடித்திருக்கவேண்டும். பாதியில் விட்ட படிப்பின் வாரங்கள் தானாகக் கணக்கில் சேரும் என்று நினைக்காதீர்கள். புதிய இடத்தில் பழைய பாடங்களுக்கு விலக்குக் கிடைத்தால் சந்தோஷமாக இருக்கும், ஆனால் அதனால் படிப்புக் காலம் 92 வாரத்துக்குக் கீழே வந்துவிட்டால் 485 கைவிட்டுப் போகலாம். விலக்கை ஏற்கும்முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

கனடாவும் அமெரிக்காவும்

கனடாவில் 2024 நவம்பர் 8-க்கு முன்பு கல்லூரி மாறினால் இணையக் கணக்கில் தெரிவித்தால் போதும். அதை வைத்துத்தான் இன்னும் பலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது வேறு நிறுவனத்துக்கு மாறப் புது ஸ்டடி பர்மிட், அதாவது படிப்பதற்கான அனுமதி வேண்டும். பல நேரம் மாகாண அத்தாட்சிக் கடிதமும் கேட்பார்கள். பொது நிறுவனங்களில் முதுநிலை, முனைவர் பட்டம் படிப்பவர்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் அந்தக் கடிதத்தில் இருந்து விலக்கு. ஒரே நிறுவனத்துக்குள் படிப்பு மாறுவதற்கு, பர்மிட்டில் தனி நிபந்தனை எதுவும் அச்சிடப்படாமல் இருந்தால், புது பர்மிட் வேண்டாம். ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றில் சேரும் இடைவெளியில் வெளியே வேலை செய்யக் கூடாது என்பதை மறக்கவேண்டாம்.

கனடாவில் பெரிய இழப்பு வருவது படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியில். 2024 நவம்பர் 1-க்குப் பிறகு ஸ்டடி பர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் கல்லூரி டிப்ளமா படித்தால், அது அரசு குறிப்பிட்ட துறைகளில் ஒன்றாக இருக்கவேண்டும். இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டங்களுக்கு அந்தத் துறைக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே பட்டத்தை விட்டு டிப்ளமாவுக்குப் போகிறவர் ஒரே அடியில் வேலை அனுமதியையும் விட்டுவிடலாம்.

அமெரிக்காவில் மாற்றம் மற்ற நாடுகளைவிடச் சீராக நடக்கும், ஆனால் எல்லாம் ஒரே ஆளின் கையில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் டி.எஸ்.ஓ. என்ற அதிகாரி. பாடம் மாறினால், உங்கள் சேர்க்கைக்குச் சான்றான ஐ-20 படிவத்தை அவர் திருத்துவார். பல்கலைக்கழகம் மாறினால், வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசின் கணினிப் பதிவான செவிஸில் உள்ள உங்கள் பதிவை ஒரு தேதி குறித்துப் புதிய இடத்துக்கு விடுவிப்பார். அந்தத் தேதியில் இருந்து 5 மாதத்துக்குள் புதிய வகுப்பு தொடங்கவேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள எஃப்-1 விசாவில் பழைய பெயர் இருந்தாலும், தேதி இருக்கும்வரை செல்லும். பதிவை விடுவிக்கச் சொல்லாமல் படிப்பை மட்டும் நிறுத்திவிட்டால் பதிவு முடக்கப்படும், அதை மீட்பது கடினம்.

ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) நீட்டிப்பை நம்பிக் கடன் வாங்கியவர்கள் ஐ-20-ல் உள்ள, பாடத்தைக் குறிக்கும் சிப் குறியீட்டைப் பாருங்கள். படிப்போடு தொடர்புள்ள வேலைக்கான 12 மாத ஓ.பி.டி. அனுமதிக்கு மேல் 24 மாதம் கிடைப்பது அந்தக் குறியீடு ஸ்டெம் பட்டியலில் இருந்தால்தான். பிசினஸ் அனலிடிக்ஸ் ஒரு பல்கலைக்கழகத்தில் ஸ்டெம், இன்னொன்றில் இல்லை என்பது நடக்கிறது. எஃப்-1 மாணவர்கள் தங்கும் காலத்துக்கு வரம்பு வைத்து, முதுநிலையில் படிப்பு மாறுவதைக் கட்டுப்படுத்தும் ஒரு முன்மொழிவை 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு வெளியிட்டது. முடிவெடுக்கும் வாரத்தில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று டி.எஸ்.ஓ.விடம் கேட்டுவிடுங்கள்.

ஜெர்மனி போனவர்கள் தங்கள் வதிவிட அனுமதி அட்டையோடு வந்த பச்சைத் தாளைப் பிரித்துப் படியுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரும் பாடமும் அதில் எழுதியிருந்தால், மாறும்முன் அந்த நகரத்து வெளிநாட்டவர் அலுவலகத்தின் ஒப்புதல் வாங்கவேண்டும்.

மருத்துவம் படிக்கப் போனவர்களுக்கு

இதைத் தனியாகச் சொல்லவேண்டும். நம் மாவட்டத்தில் இருந்தும் தென்காசிப் பக்கத்தில் இருந்தும் பிலிப்பைன்ஸ், ஜார்ஜியா, ரஷ்யா என்று எம்.பி.பி.எஸ்.ஸுக்கு நிறைய பேர் போகிறார்கள். கல்லூரி பிடிக்கவில்லை, விடுதி சரியில்லை என்று நடுவில் மாற நினைப்பவர்களுக்கு அந்த நாடு விசா கொடுத்தாலும் கொடுக்கும். சிக்கல் இந்தியாவில் இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிகளின்படி, குறைந்தது 54 மாதப் படிப்பும் அதன்பின் 12 மாதப் பயிற்சியும் ஒரே வெளிநாட்டு நிறுவனத்தில் முடித்திருக்கவேண்டும். இரண்டு கல்லூரியில் பாதிப் பாதியாகப் படித்தால் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியாமல் போகலாம். உக்ரைன் போரின்போது 2022-ல் ஆணையம் அந்த மாணவர்களுக்குத் தனியாக ஒரு சலுகை கொடுத்தது. போர் என்ற காரணத்துக்காகக் கொடுத்தது அது. விடுதிச் சாப்பாட்டுக்கோ கட்டண உயர்வுக்கோ அப்படி ஒன்று கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாறியே தீரவேண்டும் என்றால் முதலாண்டில் இருந்து புதிதாகத் தொடங்குவதுதான் பாதுகாப்பு, வலிக்கத்தான் செய்யும்.

ஊரில் இருக்கும் கடன்

விசாவைப் பற்றிப் பேசும்போது வங்கியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கல்விக் கடன் அனுமதிக் கடிதத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர், படிப்பின் பெயர், காலம் மூன்றும் இருக்கும். அடுத்த தவணையை வங்கி நேரே அந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான் அனுப்பும். படிப்பு மாறினால் வங்கியின் ஒப்புதலோடு திருத்திய அனுமதிக் கடிதம் வேண்டும். கடனுக்கு நிலத்தையோ வீட்டையோ அடமானம் வைத்திருந்தால் கூடுதல் தொகைக்கு மறுபடி மதிப்பீடு, வில்லங்கச் சான்று, சட்ட ஆலோசகர் கருத்து என்று நாள் பிடிக்கும். சேரன்மகாதேவியில் இருக்கும் வயலின் பத்திரம் தாத்தா பெயரிலேயே இருந்தால் இன்னும் நாள் பிடிக்கும்.

ஆகவே பிள்ளை பல்கலைக்கழகத்தில் கேட்கும் அதே வாரத்தில், அப்பா வங்கிக் கிளைக்குப் போய் மேலாளரைப் பார்க்கட்டும். 'படிப்பை மாற்றுவது பற்றி யோசிக்கிறோம், என்னென்ன காகிதம் வேண்டும்' என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். மறைத்து வைத்துவிட்டுத் தவணை நிற்கும்போது சொல்வதைவிட, முன்கூட்டிச் சொல்கிற குடும்பத்துக்கு மேலாளர்கள் உதவுவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: வீட்டில் மறைக்காதீர்கள். அம்மா அழுவாள், அப்பா இரண்டு நாள் பேசமாட்டார். ஆனால் கையெழுத்துப் போட்டவர் அவர். ஏப்ரலில் தெரியவேண்டியது செப்டம்பரில் வங்கி நோட்டீஸாகத் தெரியக் கூடாது.

பழைய பல்கலைக்கழகத்தில் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது சேரும்போது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கும். விலகும் தேதியைப் பொறுத்துத் தொகை மாறும். கடனில் கட்டிய பணம் திரும்பினால் அது கடன் கணக்குக்கே போகவேண்டும், கைச்செலவுக்கு வராது.

எதை முதலில், எதைப் பிறகு

தேதிகளை ஒப்பிட்டுப் பல்கலைக்கழகத்தில் கேட்டாயிற்று, வங்கியில் கேட்டாயிற்று. இனி புதிய இடத்துக்கு விண்ணப்பியுங்கள். அவர்கள் மறுபடி மதிப்பெண் பட்டியலும் டிரான்ஸ்கிரிப்டும் கேட்பார்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அபிஷேகப்பட்டிக்கும், அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரியில் படித்தவர் சென்னைக்கும் போக நேரும். முதல் முறை வாங்கும்போதே கூடுதல் பிரதிகள் வாங்கி வைத்திருந்தால் இந்த அலைச்சல் மிச்சம்.

நிபந்தனை இல்லாத ஆஃபர் வந்தபிறகு, விசா விண்ணப்பம் தேவையென்றால் அதற்கான காஸ், சி.ஓ.இ., ஐ-20 எதுவோ அதை வாங்குங்கள். இந்த இடத்தில்தான் பழைய பல்கலைக்கழகத்தில் விலகல் கடிதம் கொடுக்கும் நாளைக் குறிக்கவேண்டும், இரண்டு அலுவலகத்திடமும் கேட்டு. பிரிட்டனில் ஊர் திரும்பித்தான் விண்ணப்பிக்கவேண்டும் என்றால் விமான டிக்கெட்டும் விலகும் நாளும் பொருந்தவேண்டும். அமெரிக்காவில் செவிஸ் விடுவிப்புத் தேதி வந்தபிறகுதான் புதிய ஐ-20 வரும். ஆஸ்திரேலியாவில் ஒரு சி.ஓ.இ. ரத்தாகி அடுத்தது தொடங்கும்வரை இடைவெளி நீளாமல் பார்க்கவேண்டும், மருத்துவக் காப்பீடும் புதிய தேதிவரை நீட்டியிருக்கவேண்டும்.

மாறி முடித்தபிறகு புதிய முகவரியைக் கொடுக்கவேண்டிய இடங்களில் எல்லாம் கொடுங்கள். அமெரிக்காவில் அதற்கு 10 நாள் கெடு. வேலை பார்க்கும் இடத்திலும் புதிய படிப்பின் பருவ அட்டவணையைக் கொடுத்துவிடுங்கள், விடுமுறை நாட்கள் மாறியிருக்கும்.

இன்னும் புறப்படாதவர்கள்

விசா முத்திரை விழுந்தபிறகு, விமானம் ஏறும்முன், வேறு பல்கலைக்கழகத்தில் நல்ல உதவித்தொகை கிடைத்ததாகச் சிலர் வருகிறார்கள். திருவனந்தபுரத்தில் இருந்து டிக்கெட் போட்டாயிற்று, போய் இறங்கிவிட்டு அங்கே மாறிக்கொள்ளலாமா என்பது கேள்வி. கூடாது. பிரிட்டன் விசா அந்த ஸ்பான்சருக்காகக் கொடுத்தது, வேறு பல்கலைக்கழகம் என்றால் இங்கிருந்தே புதிதாக விண்ணப்பியுங்கள். அமெரிக்காவுக்கு முதல் முறை நுழையும்போது விசாவில் உள்ள பல்கலைக்கழகத்தின் ஐ-20 கையில் இருக்கவேண்டும், அங்கேதான் படிக்கப் போகிறீர்கள் என்பதும் உண்மையாக இருக்கவேண்டும். ஆஸ்திரேலியாவில் பழைய சி.ஓ.இ.யை ரத்து செய்துவிட்டால் அந்த விசாவே ரத்தாகலாம். டிக்கெட்டைத் தள்ளிப் போடும் அபராதம் சில ஆயிரம் ரூபாயில் முடியும். எல்லை அதிகாரி திருப்பி அனுப்பினால், அடுத்து எந்த நாட்டின் விண்ணப்பத்தை நிரப்பினாலும் 'இதற்குமுன் நுழைவு மறுக்கப்பட்டதா' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதவேண்டியிருக்கும்.